தம்பி அட்டையை வெட்டிய இரவு

2021 செப்டெம்பர், கொரோனா ஊரடங்கு நேரம். கிளிநொச்சி பாரதிபுரத்தில் இரவு ஏழரை மணி. தம்பி இருக்கும் ஸ்காபரோவில் காலை பத்து. சீனிப் போத்தலில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு நானும் அம்மாவும் அதற்கு முன்னால் இருந்தோம். தம்பி கனடாப் பிரசையாகச் சத்தியம் செய்யப்போகிறான். அந்த நாட்களில் மண்டபத்தில் ஆட்களைக் கூட்டி எதுவும் நடத்தவில்லை, எல்லாம் ஸூமில்தான். நீலச் சட்டை போட்டுக்கொண்டு அவன் கணினிக்கு முன்னால் இருக்க, மச்சாள் பக்கத்தில் நின்று தன் போனில் எங்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். சத்தியத்துக்கு முன்னர் ஓர் அதிகாரி ஒவ்வொருவராக அழைத்துப் பத்திரங்களைச் சரிபார்த்தார். தம்பியின் முறை வந்தது. நிரந்தர வதிவிட அட்டையை, நாங்கள் பி.ஆர். காட் என்று சொல்கிற அதை, கமெராவுக்கு முன்னால் உயர்த்திக் காட்டச் சொன்னார். காட்டினான். பிறகு அதை வெட்டச் சொன்னார்.

மேசையில் கத்தரிக்கோல் தயாராக இருந்தது. சமையலறையில் பால் பைக்கற் வெட்டும் கத்தரிக்கோல். அட்டை தடிப்பான பிளாஸ்ரிக் என்பதால் முதல் தடவை வழுக்கியது. இரண்டாம் தடவை மூலையில் வைத்து அழுத்தினான். "டக்" என்று ஒரு சத்தம். அவன் படம் ஒரு துண்டில், பெயரின் பாதி இன்னொரு துண்டில்.

அம்மா கதிரையை விட்டு எழும்பிவிட்டார். "டேய், அத வெட்டாதடா! இன்னொண்ணு கையில குடுத்துட்டாங்களா? கைக்கு வந்துருச்சான்னு கேளு மொதல்ல!" என்று போனைப் பார்த்துக் கத்தினார். மச்சாள் சத்தத்தை நிறுத்தி வைத்திருந்ததால் அங்கே யாருக்கும் கேட்கவில்லை. பிறகு அவன் வலது கையை உயர்த்தி, முதலில் ஆங்கிலத்திலும் பிறகு பிரெஞ்சிலும் சத்தியம் செய்தான். எலிசபெத் மகாராணிக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் விசுவாசமாக இருப்பேன், கனடாவின் சட்டங்களைக் கடைப்பிடிப்பேன் என்று. அம்மா அதையெல்லாம் பார்க்கவில்லை. வெட்டிய துண்டுகள் மேசையில் கிடந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிரசாவுரிமைச் சான்றிதழ் தபாலில் வரும் வரைக்கும் ஒவ்வொரு நாளும் "வந்துருச்சா?" என்று கேட்டார். சில கிழமைகள் கழித்து வந்தது. படம் எடுத்து அனுப்பினான். அன்றிரவுதான் அம்மா ஒழுங்காகச் சாப்பிட்டார்.

அம்மா கேட்ட அந்தக் கேள்வி என்னை விடவேயில்லை. இன்னொன்று கைக்கு வந்ததா?

வன்னியில் வாழ்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஓர் அட்டையைக் கொடுத்துவிட்டு அடுத்ததற்காகக் காத்திருக்கும் அந்த இடைவெளி எப்படிப்பட்டது என்று எங்களுக்குத் தெரியும். வன்னியை விட்டு வெளியே போவதற்குப் பாஸ் எடுத்த காலம் தெரியும். 2009இல், போரின் கடைசி மாதங்களில், ஓமந்தைச் சோதனைச்சாவடியில் என் அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு, நாலு நாளுக்குப் பிறகுதான் திருப்பித் தந்தார்கள். அந்த நாலு நாளும் நான் யார் என்று சொல்ல என்னிடம் எதுவும் இருக்கவில்லை. அப்பா மாத்தளனில் இறந்துபோயிருந்தார். மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமில் கூடாரத்துக்கு முன்னால் நின்று யாராவது பெயர் கேட்டால் அம்மா பெயரைச் சொல்வதற்கு முன் மடியிலிருந்த பையைத் திறப்பார். பெயரை விடப் பத்திரம் பெரிது.

நான் கோபித்த கதை

உண்மையைச் சொன்னால், அந்த இரவுக்குப் பிறகு ஒரு மாதம் நான் தம்பியோடு சரியாகப் பேசவில்லை. கேட்டால் வேலை என்று சொன்னேன். எனக்குள் ஒரு கோபம் கிடந்தது. அவன் பிரசாவுரிமைச் சோதனைக்குப் படித்தபோது கேள்வி கேட்டுக் கேட்டு அவனைத் தயார்ப்படுத்தியவள் நான்தான். பேக்கரியில் இரவு வேலை முடித்து வந்து, எனக்குப் பின்னேரமாகிற நேரத்தில் வாட்ஸ்அப்பில் எடுப்பான். கூட்டாட்சி எந்த வருசம்? 1867. முதல் பிரதமர்? சேர் ஜோன் மக்டொனால்ட். எத்தனை மாகாணம்? பத்து. பிரதேசம்? மூன்று. இருபது கேள்வியில் பதினைந்து சரியாக வந்தால் போதும், அவன் இருபதும் எடுத்தான். பள்ளிக்கூடத்தில் வரலாறு படிப்பிக்கிறவள் என்ற முறையில் எனக்குப் பெருமைதான். ஆனால் அவன் கையை உயர்த்தியபோது நெஞ்சில் ஏதோ பிடுங்குப்பட்டது. எங்கள் சட்டப்படி, ஒருவர் தானாக விரும்பி வேறொரு நாட்டின் பிரசையானால் அவருடைய இலங்கைப் பிரசாவுரிமை அத்தோடு போய்விடுகிறது. எந்தக் கந்தோருக்கும் போகத் தேவையில்லை, எதிலும் கையெழுத்து வைக்கத் தேவையில்லை. கையை உயர்த்தும்போது இந்த நாட்டுக்காரன், இறக்கும்போது வெளிநாட்டுக்காரன். பிறக்கும்போதே கிடைத்த ஒன்றை இவ்வளவு இலேசாக விட்டுவிட்டானே என்றுதான் நினைத்தேன்.

அதற்கு முதலும் ஒரு மனக்குறை இருந்தது. 2018இல் அம்மா கிணற்றடியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. சத்திரசிகிச்சை செய்து ஆறு கிழமை படுக்கை. அவன் வரவில்லை. காசு அனுப்பினான், நாளுக்கு நாலு தரம் அழைத்தான், வரவில்லை. அக்கம்பக்கத்தில் கேட்டவர்களுக்கு நான் என்னென்னவோ சொல்லிச் சமாளித்தேன். இதையெல்லாம் ஒருநாள் போனில் கொட்டிவிட்டேன். அவன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அக்கா, நான் வந்திருந்தா எனக்கு அந்தக் காட்டே இல்லாமப் போயிருக்கும்" என்றான்.

அவன் அங்கே அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவன். சொந்த நாட்டில் ஆபத்து என்று சொல்லித்தான் அந்தப் பாதுகாப்பு கிடைத்தது. அப்படிப்பட்ட ஒருவர் சொந்த நாட்டின் கடவுச்சீட்டை எடுத்தால், அல்லது அங்கே போய் வந்தால், 'உனக்கு இனி எங்கள் பாதுகாப்புத் தேவையில்லைத்தானே' என்று அகதி நிலையை நிறுத்தக் கேட்க அரசாங்கத்துக்கு வழி இருக்கிறது. 2012இல் கொண்டுவந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, அப்படி நிறுத்தினால் நிரந்தர வதிவிடமும் சேர்ந்து போய்விடும். தாய்க்குச் சுகமில்லை என்று போனவர்கள், கலியாணத்துக்குப் போனவர்கள் எல்லாம் இதில் மாட்டியிருக்கிறார்கள் என்றான். பிரசையாகிவிட்டால் அந்தப் பயம் இல்லை. அதனால்தான் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தானாம். விண்ணப்பத்துக்கு முந்திய ஐந்து வருசத்தில் 1,095 நாட்கள் கனடாவில் இருந்திருக்க வேண்டும். அவன் நாட்டை விட்டு ஒருநாள்கூட வெளியே போகவில்லை. "அம்மாவைப் பார்க்க வாறதுக்குத்தான் அக்கா சிற்றிசன் எடுத்தனான்" என்றான்.

போனை வைத்த பிறகு கிணற்றடியில் போய் நின்றேன். ஊருக்கு வருவதற்காக ஒருவன் ஊருக்கு அந்நியனாக வேண்டியிருக்கிறது. அதைச் செய்ய அவனுக்குப் பத்து வருசம் எடுத்திருக்கிறது. அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. 'வெளிநாட்டுக்குப் போனதும் மறந்துபோனான்' என்று ஊரில் எத்தனை பிள்ளைகளைப் பற்றி நாங்கள் கதைத்திருப்போம்! அவர்களில் எத்தனை பேர் இப்படி நாள் எண்ணிக்கொண்டிருந்தார்களோ. எங்கள் ஒழுங்கையிலேயே சுவிஸ், நோர்வே, ஜேர்மனி என்று மூன்று வீட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். சுவிஸில் பத்து வருசம் இருந்து, சி வதிவிடம் என்கிற நிரந்தர அனுமதி எடுத்து, பிறகு கிராமசபை, மாநிலம், மத்திய அரசு என்று மூன்று படி ஏற வேண்டும். நோர்வே 2020 வரைக்கும், ஜேர்மனி 2024 ஜூன் வரைக்கும், பொதுவாகப் பழைய பிரசாவுரிமையை விட்டுவிட்டு வரும்படிதான் கேட்டன. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு கணக்கு. நாங்கள் எல்லாவற்றுக்கும் 'சிற்றிசன் கிடைச்சிட்டுதாம்' என்று ஒரு வசனம் சொல்லிவிட்டு அடுத்த கதைக்குப் போய்விடுகிறோம்.

சொப்பிங் பை

அடுத்த வருசம் தம்பி இரட்டைப் பிரசாவுரிமைக்கு விண்ணப்பிக்க விரும்பினான். எங்கள் வளவை ஒட்டிய அரை ஏக்கர் உறுதிக் காணி விலைக்கு வந்தது. அவன் வாங்க ஆசைப்பட்டான். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டவர் இங்கே காணியை விலைக்கு வாங்க முடியாது. இரட்டைப் பிரசைக்கு அந்தத் தடை இல்லை. இரட்டைப் பிரசாவுரிமை 1987இல் வந்த ஏற்பாடு. 2011இல் நிறுத்தி வைத்து, 2015இல் திரும்பத் தொடங்கினார்கள். இழந்துவிட்ட பிரசாவுரிமையை மீளப் பெறவும் விண்ணப்பிக்கலாம், வேறு நாட்டுப் பிரசையாக முன்னரே இதைத் தக்கவைத்துக்கொள்ளவும் விண்ணப்பிக்கலாம். இந்த இரண்டாவது வழி எங்களுக்கு அப்போது தெரியாது. இதை வாசிக்கிறவர்களின் வீட்டில் யாராவது இன்னும் சத்தியம் செய்யாமல் இருந்தால், தயவுசெய்து முதலே விசாரிக்கச் சொல்லுங்கள்.

சரி, அவனுடைய பிறப்புச் சான்றிதழ் வேண்டும். அது அம்மாவின் பையில் இருந்தது. வன்னியில் ஒவ்வொரு வீட்டிலும் இப்படி ஒரு பை இருந்தது. ஷெல் விழத் தொடங்கினால் பிள்ளையை ஒரு கையிலும் பையை மற்றக் கையிலும் தூக்கிக்கொண்டு பங்கருக்குள் இறங்குவோம். எங்கள் பை உண்மையில் ஐந்து சொப்பிங் பைகள், ஒன்றுக்குள் ஒன்றாக, ஒவ்வொன்றின் வாயும் சைக்கிள் ரியூப் வாரால் கட்டப்பட்டது. மாத்தளனில் கடல் ஏரிக்குள் இறங்கி வந்தபோது அம்மா அதைத் தலையில் வைத்திருந்தார். அம்மா இல்லாமல் அந்தப் பையை நான் திறந்ததே கிடையாது. அன்று அம்மா கோயிலுக்குப் போயிருந்தார். ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தேன். காணி அனுமதிப்பத்திரம், நாலாக மடித்து மடித்து மடிப்பில் கிழிந்து செலோரேப் ஒட்டியது. பங்கீட்டு அட்டை. அப்பாவின் படம், ஓரத்தில் நீர் பட்டு ஊதா பரவியிருந்தது. என் ஐந்தாம் வகுப்புத் தேர்ச்சி அறிக்கை. தம்பியின் பிறப்புச் சான்றிதழ். எல்லாவற்றுக்கும் அடியில், தனியாக ஒரு மெழுகுக் கடதாசியில் சுற்றிய பூல்ஸ்கப் தாள் ஒன்று.

தட்டச்சு செய்த தாள். முத்திரை ஒட்டி, சமாதான நீதவானின் சீல் குத்தியிருந்தது. 1989ஆம் ஆண்டுத் திகதி. அப்பாவும் அம்மாவும் கொடுத்த சத்தியக்கடதாசி. தாங்கள் இந்திய வம்சாவளியினர், இந்தியப் பிரசாவுரிமைக்கு விண்ணப்பிக்கவில்லை, இலங்கையில் நிரந்தரமாக வசிப்பவர்கள் என்று இருந்தது. கீழே பிள்ளைகள் என்று இரண்டு பெயர். ஒன்று, பெண், 1983. இரண்டு, ஆண், 1986.

அதை எத்தனை தரம் வாசித்தேன் என்று தெரியாது. அம்மா மலையகத் தேயிலைத் தோட்டத்து, தலவாக்கலைப் பக்கத்து ஆள் என்பதும், 1977 கலவரத்தோடு தாத்தா குடும்பத்தை லொறியில் ஏற்றிக்கொண்டு வன்னிக்கு வந்ததும் எனக்குத் தெரிந்த கதைதான். அம்மா இன்றும் 'அங்கிட்டு', 'இங்கிட்டு' என்றுதான் பேசுவார். அதற்காகவே பள்ளிக்கூடத்தில் என்னையும் தம்பியையும் 'தோட்டக்காட்டார்' என்று கூப்பிட்டார்கள், அதைச் சொன்னவர்களும் தமிழர்கள்தான். ஒருநாள் தம்பி சட்டை கிழிந்து வந்து நின்றான், அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் வீட்டுப் பேச்சை வெளியில் பேசுவதை விட்டோம். இதெல்லாம் தெரியும். ஆனால் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், ஏழு இலட்சம் மலையகத் தமிழர் நாடற்றவரானது, 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் 5,25,000 பேர் உனக்கு, 3,00,000 பேர் எனக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று ஆட்களைப் பிரித்துக்கொண்டது, இதையெல்லாம் பதினாலு வருசமாகக் கரும்பலகையில் எழுதிப் படிப்பித்தவள் நான். 'மலையக மக்களின் பிரசாவுரிமைப் பிரச்சினை' என்று தலைப்புப் போட்டு, கீழே கோடு கீறி. அந்தப் பிரச்சினையில் என் பெயர் இருந்தது எனக்குத் தெரியாது.

அம்மா வந்ததும் தாளைக் காட்டினேன். கோபிக்கவில்லை. பக்கத்தில் குந்தி, தாளின் சுருக்கத்தை விரலால் நீவிவிட்டார். தாத்தா இலங்கையைக் கேட்டுத்தான் விண்ணப்பம் போட்டாராம், அவருடைய தம்பி இந்தியாவைக் கேட்டாராம். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில் ஒரே சுவருக்கு அங்கிட்டும் இங்கிட்டும் இருந்தவர்கள். சின்னத் தாத்தா தலைமன்னாரில் கப்பல் ஏறித் தமிழ்நாட்டுக் கூடலூருக்குப் போனார். தாத்தாவுக்குப் பதிலே வரவில்லை. "பிரசாவுரிம வந்துருச்சா, வந்துருச்சான்னு தபால்காரர கேட்டுக்கிட்டே இருப்பாரு. 85ல செத்துப் போனாரு. வரவே இல்ல" என்றார் அம்மா. 1988இல் 39ஆம் இலக்கச் சட்டம் வந்து, இந்தியாவுக்கு விண்ணப்பிக்காதவர்கள் சத்தியக்கடதாசி கொடுத்தால் போதும் என்றான பிறகுதான் அப்பாவும் அம்மாவும் பிரசையானார்கள். அதற்குப் பிறகுதான் அடையாள அட்டை, வாக்கு, கடைசியில் இந்தக் காணி அனுமதிப்பத்திரம்.

"எங்களுக்கு ஏன் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"சின்னப் புள்ளைங்க. பள்ளிக்கூடத்துல அதையும் சொல்லி அடிப்பாங்கன்னு" என்றார்.

அப்போதுதான் அந்த இரவு அம்மா ஏன் கத்தினார் என்று முழுதாக விளங்கியது. ஓமந்தையும் மெனிக் பாமும் மட்டும் காரணமென்று நான் நினைத்திருந்தேன். அம்மா தன் அப்பா தபால்காரரிடம் கேட்ட கேள்வியைத்தான் தன் மகனிடமும் கேட்டிருக்கிறார், வந்துருச்சா என்று. நான் தம்பிமீது வைத்திருந்த குற்றச்சாட்டும் அன்றைக்கு ஆட்டம் கண்டது. பிறக்கும்போதே கிடைத்ததை விட்டுவிட்டான் என்றல்லவா மனதுக்குள் திட்டினேன்? அவனுக்கு அது பிறக்கும்போது கிடைக்கவில்லை. எனக்கும் கிடைக்கவில்லை. மூன்று வயதில் ஒரு பூல்ஸ்கப் தாளின் கடைசி வரியில் ஏறியது. முப்பத்தைந்து வயதில், இன்னொரு நாட்டில், தன் வாயால் கேட்டு, தானே படித்து, தானே கையை உயர்த்தி ஒன்றை எடுத்தான். எங்கள் குடும்பத்தில் இதைத் தன் விருப்பத்தோடு கேட்டுக் கையில் எடுத்த முதல் ஆள் அவன்தான். அதை நான் களவு போல நினைத்துவிட்டேன்.

அவனிடம் இதைச் சொன்னபோது வேறொன்று சொன்னான். சத்தியத்தில் 2021 ஜூனில்தான் புதிதாக ஒரு வரி சேர்த்திருந்தார்களாம். கனடாவின் ஆதிக்குடிகளான முதற்குடிகள், இனுவிட், மெற்றி மக்களின் உரிமைகளையும் உடன்படிக்கை உரிமைகளையும் அங்கீகரிக்கும் அரசியலமைப்பைக் கடைப்பிடிப்பேன் என்று. "அந்த வரி வரேக்க கேப்பாப்பிலவுச் சனம் ரோட்டில குந்தியிருந்ததுதான் அக்கா ஞாபகம் வந்தது" என்றான். 2017இல் தங்கள் காணியைக் கேட்டுப் படை முகாம் வாசலில் இரவு பகலாக இருந்த மக்களை அவன் அங்கே இருந்து ஒவ்வொரு நாளும் போனில் பார்த்திருக்கிறான். ஒரு நாட்டின் பிரசையாகும்போது அந்த மண்ணை முதலில் வைத்திருந்தவர்களின் பெயரைச் சொல்ல வேண்டியிருப்பது எனக்கு நல்ல விசயமாகவே படுகிறது. அங்கே அந்தச் சொல்லை எவ்வளவு காப்பாற்றுகிறார்கள் என்பது அந்த மக்கள் சொல்ல வேண்டியது. ஆனால் சத்தியத்தில் இருக்கிறது.

இருபத்தெட்டு நாள்

2023 ஜூலையில் வந்தான். முப்பது நாள் விசா, அதில் இரண்டு நாளைக் கொழும்புக்கு ஒதுக்கிவிட்டு மிச்சத்தை இங்கே நின்றான். பன்னிரண்டு வருசத்துக்குப் பிறகு. மகளையும் கூட்டி வந்திருந்தான், நாலு வயசு. அம்மா முதல் நாள் முழுக்க அவன் கையை விடவில்லை, இரணைமடுக் குளத்து மீன் வாங்கி வந்து குழம்பு வைத்தபோதும் அடுப்படியில் பக்கத்திலேயே இருத்தி வைத்திருந்தார். இரட்டைப் பிரசாவுரிமை விண்ணப்பம் அப்போதும் முடியவில்லை. அந்த அரை ஏக்கரை வேறு யாரோ வாங்கிவிட்டார்கள். அதைப் பற்றி அவனுக்குக் கவலைதான், ஆனால் அதைப் பெரிதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

போவதற்கு இரண்டு நாள் இருக்கும்போது, பின்னேரம், முற்றத்தில் பிள்ளை கோழிக்குஞ்சுகளைத் துரத்திக்கொண்டிருந்தது. அம்மா பையைக் கொண்டு வந்து திண்ணையில் வைத்து முடிச்சுகளை அவிழ்த்தார். தம்பியின் கனடாச் சான்றிதழின் பிரதி ஒன்றைக் கேட்டு வாங்கி, மெழுகுக் கடதாசிக்குள் அந்தச் சத்தியக்கடதாசியோடு வைத்தார். பிறகு பேத்தியைக் காட்டி, "இவளுக்கு எப்ப எழுதிப் போட்ட? அவளோடத எங்க?" என்றார்.

"அவளுக்கு எழுதிப் போடேல்லை அம்மா. அவ அங்கதானே பிறந்தவ."

"அதான் கேக்குறேன். எப்ப விண்ணப்பம் போட்ட?"

"போடத் தேவையில்லை அம்மா. அங்க பிறந்தா அவ அந்த நாட்டுப் பிரசைதான். அவ பிறக்கேக்க நான் பிரசையில்லை, பி.ஆர்.தான். இருந்தாலும் அவ பிரசை."

அம்மாவின் கையிலிருந்த ரியூப் வார் அப்படியே நின்றது. 1953இல் தலவாக்கலைப் பக்கத்தில் ஒரு லயக் காம்பராவில் பிறந்தவர். அவருடைய அப்பாவும் அங்கேதான் பிறந்தார்.

"பொறந்தா மட்டும் போதுமா?" என்று கேட்டார்.

"போதும் அம்மா."

பிள்ளை ஒரு குஞ்சைப் பிடித்துவிட்டு எங்களைப் பார்த்துக் கத்தியது. அம்மா அதைக் கவனிக்கவில்லை. அன்றிரவு பாயைப் போட்டு விளக்கை அணைத்த பிறகு, இருட்டுக்குள் இன்னொரு தடவை கேட்டார்.

"மெய்யாத்தான் சொல்றியா? பொறந்தா மட்டும் போதுமா?"